முதல் செமி ஆட்டோ .22: எதை முதலில் மாற்றலாம்?

புதுக்குறி:

எல்லோருக்கும் வணக்கம். உரிமம் கைக்கு வந்து, ரூகர் 10/22 கார்பைன் ஒன்று வாங்கியிருக்கிறேன். மரக்கட்டை, 18.5 அங்குலக் குழல், கம்பெனி கொடுத்த திறந்த குறிமுள். கிளப்பில், ஒவ்வொரு தோட்டாவையும் கையால் இழுத்து ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன் .22 சுட்ட பழக்கம் உண்டு, செமி ஆட்டோ (ஒரு இழுப்புக்கு ஒன்று வெடித்து, அடுத்த தோட்டா தானாக ஏறுவது) இதுதான் முதல். வேட்டைக்கெல்லாம் இல்லை. 25 மீட்டரிலும் 50 மீட்டரிலும் காகித இலக்கு மட்டும்தான்.

50 மீட்டரில் மேசை மேல் தாங்கிச் சுட்டால் ஐந்து தோட்டாவும் ஓர் உள்ளங்கை அகலத்துக்குப் பரவுகின்றன. கிளப் ரைஃபிளில் இவ்வளவு பரவாது. தேடிப் பார்த்தால் இந்த ரைஃபிளில் மாற்ற முடியாத பாகமே இல்லை போலிருக்கிறது. என் மனதில் இருக்கும் வரிசை இது: கனமான குழல், ஸ்கோப், டிரிகர், புதுக் கட்டை, 25 தோட்டா மேகசின். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வாங்க முடியாது. எதில் தொடங்கலாம், எதை விட்டுவிடலாம் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நிதானம்:

வாழ்த்துகள் தம்பி. நல்ல ரைஃபிள். ஆனால் உங்கள் வரிசையில் தோட்டாவைக் காணோமே. நான் அதில்தான் தொடங்குவேன்.

பெரிய காலிபர்களில் மருந்தை அளந்து போட்டு, நம் துப்பாக்கிக்கு ஏற்றபடி நாமே தோட்டா செய்துகொள்ளலாம். நீங்கள் சுடும் .22 எல்ஆர் (லாங் ரைஃபிள்) தோட்டாவில் அதற்கு வழியில்லை. பற்றவைக்கும் மருந்து விளிம்புக்குள்ளேயே இருக்கிறது, ஒருமுறை அடிபட்டதும் விளிம்பு நசுங்கிவிடும். ஆகவே பெட்டியில் வருவதைத்தான் சுட வேண்டும். 1887இல் வந்த தோட்டா இது. வெளியே தெரியும் ஈயக் குண்டு, அதன் மேல் மெல்லிய மெழுகோ கொழுப்போ பூசியிருக்கும். எந்தக் குழலுக்கு எந்த வகை ஒத்துவரும் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. பக்கத்துப் பக்கத்து வரிசை எண் உள்ள இரண்டு 10/22கூட வேறு வேறு தோட்டாவை விரும்பும்.

இரண்டு வகை ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி, இரண்டு வகை ஹை வெலாசிட்டி எடுத்துக்கொள்ளுங்கள். காற்று அடங்கிய ஒரு காலைப் பொழுதில், ஒரே தாங்கியில் வைத்து, ஒவ்வொன்றிலும் முதல் பத்துத் தோட்டாவைக் கணக்கில் சேர்க்காமல் சுட்டுவிடுங்கள். பழைய தோட்டாவின் பூச்சு போய்ப் புதியது குழலில் படிய அவ்வளவு தேவைப்படும். அதன்பின் ஐந்து ஐந்தாக ஐந்து க்ரூப் (ஒரே இடத்தைக் குறிவைத்துச் சுட்ட துளைகளின் கூட்டம், சிறிதாக இருந்தால் நல்லது). எல்லா க்ரூப்பையும் அளந்து சராசரி எடுங்கள். ஐந்தில் அழகான ஒன்றைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளும் பழக்கம் நம்மில் பலருக்கும் இருக்கிறது. அது ரைஃபிளைப் பற்றி எதையும் சொல்லாது.

வேகத்தையும் கவனியுங்கள். ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி வினாடிக்கு 325 மீட்டரை ஒட்டி வரும். ஒலிவேகம் 340 மீட்டர் அளவு, ஆகவே இது தொடக்கம் முதலே அதற்குக் கீழேதான் பறக்கிறது. ஹை வெலாசிட்டி 375 மீட்டர் வாக்கில் கிளம்பி, போகும் வழியில் ஒலிவேகத்துக்குக் கீழே இறங்குகிறது. இறங்கும் அந்த இடத்தில் குண்டு சற்றே தள்ளாடும். 50 மீட்டர் காகிதத்துக்கு ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி பெரும்பாலும் நல்ல க்ரூப் தருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

செமி ஆட்டோ என்பதால் இன்னொன்றும் உண்டு. உங்கள் ரைஃபிளில் போல்ட்டுக்கு (குழலின் பின்வாயை மூடும் இரும்புக் கட்டி) பூட்டு கிடையாது. காலித் தோட்டா பின்னால் உதைப்பதுதான் போல்ட்டைத் தள்ளுகிறது. அதை எதிர்ப்பது போல்ட்டின் எடையும் ஸ்பிரிங்கும் மட்டுமே. மிக மெதுவான தோட்டா போட்டால் போல்ட் முழுதாகப் பின்னால் போகாமல் நின்றுவிடலாம். துல்லியமாகச் சுட்டும் ஜாம் ஆகிற தோட்டா உங்களுக்குப் பயன்படாது.

குழலன்:

நிதானம் ஐயா சொன்னதில் பாதி சரி. மறுபாதியில் நான் வேறுபடுகிறேன்.

10/22 இவ்வளவு பேர் கைக்கு வந்ததற்குக் காரணமே குழலை வீட்டு மேசையில் வைத்து மாற்றலாம் என்பதுதான். 1964இல் சந்தைக்கு வந்த இதை வடிவமைத்தபோது குழலை மரை போட்டு ரிசீவரில் (போல்ட் ஓடும் நடு உடல்) முறுக்கவில்லை. குழலின் அடியில் ஒரு வெட்டு, அதில் உட்காரும் ஒரு வி வடிவக் கட்டி, அதை இழுத்துப் பிடிக்கும் இரண்டு திருகுகள். அவ்வளவுதான். அதனால்தான் இத்தனை கம்பெனிகள் குழல் செய்கின்றன.

கம்பெனிக் குழலின் சேம்பர் (தோட்டா உட்காரும் பின்பகுதி) கொஞ்சம் தாராளமாக இருக்கும். எந்தப் பெட்டித் தோட்டாவைப் போட்டாலும் உள்ளே போக வேண்டும், அழுக்கு ஏறினாலும் வேலை செய்ய வேண்டும் என்று அப்படி வைத்திருக்கிறார்கள். நல்ல மாற்றுக் குழல்கள் பலவற்றில் பென்ட்ஸ் சேம்பர் வரும். அது போட்டிக்கான இறுக்கத்துக்கும் இந்தத் தாராளத்துக்கும் நடுவில் இருப்பது. குண்டு வரிப்பள்ளத்துக்கு (குழலுக்குள் குண்டைச் சுழற்றும் பள்ளம்) நேராக நிற்கும், செமி ஆட்டோவும் தடையின்றி ஓடும். முழுப் போட்டி சேம்பரை மட்டும் செமி ஆட்டோவுக்கு வாங்க வேண்டாம். அதில் குண்டு வரிப்பள்ளத்தைக் கவ்விக்கொள்ளும். சுடாத தோட்டாவை வெளியே எடுக்கப் போனால் குண்டு குழலில் தங்கி, பித்தளை மட்டும் கையோடு வர, மருந்து ஆக்‌ஷன் முழுதும் கொட்டும்.

நல்ல குழல் போட்டால் க்ரூப் பாதியாகச் சுருங்குவதை நான் பார்த்திருக்கிறேன். தம்பியின் வரிசை தப்பில்லை.

நிதானம்:

குழலன், நீங்கள் சொன்ன தொழில்நுட்பம் எல்லாமே சரி. நான் பேசுவது வரிசையைப் பற்றி. திறந்த குறிமுள்ளோடும் ஆறு பவுண்டு டிரிகரோடும் சுடுகிறவர் குழலை மாற்றினால், க்ரூப் சுருங்கியது குழலாலா, அன்றைக்குக் கை நிதானமாக இருந்ததாலா என்று எப்படிப் பிரித்துச் சொல்வார்? அளக்கிற கருவி முதலில் சரியாக வேண்டும். இங்கே அளக்கிற கருவி கண்ணும் விரலும்தான்.

இன்னொன்று. கனமான குழலை அந்த இரண்டு திருகும் ஒரு பக்கமாகத்தான் தாங்குகின்றன. நுனி கொஞ்சம் தொங்கும். அதற்குக் கட்டையின் பள்ளத்தையும் அகலப்படுத்த வேண்டும் அல்லது வேறு கட்டை வாங்க வேண்டும். ஒன்றைத் தொட்டால் மூன்று செலவு.

மெல்லவிரல்:

டிரிகர் பற்றி நான் சொல்கிறேன். இந்த ரைஃபிளின் எடை ஏறக்குறைய 5 பவுண்டு. கம்பெனி டிரிகரை இழுக்க 6 பவுண்டு அளவு தேவை. ரைஃபிளின் எடையைவிடக் கூடுதலான விசையை ஒரு விரலால் கொடுத்துக்கொண்டே அதை அசையாமல் பிடிக்கச் சொல்கிறோம். குறி நன்றாக இருந்தும் கடைசி நொடியில் குறிமுள் வலப்பக்கம் நழுவுவது இதனால்தான். கிளப் ரைஃபிளில் தம்பிக்கு க்ரூப் நன்றாக வந்ததற்கு அதன் டிரிகர் லேசாக இருந்ததே பெரிய காரணமாக இருக்கும்.

ரூகரே பிஎக்ஸ் டிரிகர் என்று முழு அசெம்பிளியாக விற்கிறது. 3 பவுண்டுக்குச் சற்றுக் குறைவு. கட்டையைக் கழற்றி, இரண்டு குறுக்கு ஆணிகளைத் தள்ளினால் பழையது அப்படியே கீழே இறங்கும், புதியது அதே இடத்தில் உட்காரும். இதைவிட விலை கூடிய, இன்னும் சுத்தமான டிரிகர்களும் உண்டு. முதல் ரைஃபிளுக்கு இதுவே போதும்.

வீட்டில் அரம் வைத்து ஹேமர் (தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தி), சியர் (அதைப் பிடித்து வைக்கும் கொக்கி) முகங்களைத் தேய்ப்பது மட்டும் வேண்டாம். இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அந்த முகங்களின் மேல்தோல் மட்டும்தான் கடினம். அது போய்விட்டால் சில நூறு தோட்டாவில் கோணம் மாறிவிடும். செமி ஆட்டோவில் அதன் விளைவு, ஒரு இழுப்புக்கு இரண்டு வெடிப்பது, அல்லது போல்ட் மூடும்போது தானாகவே வெடிப்பது. ஆபத்தும் பெரிது, பல நாடுகளில் சட்டப்படி குற்றமும் ஆகலாம்.

புதுக்குறி:

அரம் பக்கமே போகமாட்டேன் அண்ணா. அசெம்பிளி மாற்றியபின் எப்படிச் சோதிப்பது? அப்புறம், தோட்டா இல்லாமல் டிரிகரை இழுத்துப் பழகலாமா? ரிம்ஃபயரில் (.22 மாதிரி விளிம்பில் அடிபட்டு வெடிக்கும் தோட்டா) கூடாது என்று கிளப்பில் சொல்வார்கள்.

மெல்லவிரல்:

முதலில் இரண்டாவது கேள்வி. கிளப்பில் சொன்னது பொதுவாகச் சரி. பல ரிம்ஃபயர்களில் ஃபயரிங் பின் (தோட்டாவை அடிக்கும் ஊசி) நேராகச் சேம்பரின் விளிம்பில் போய் இடிக்கும், அங்கே பள்ளம் விழும். பிறகு அந்த இடத்தில் தோட்டா உள்ளே போகாது அல்லது வெளியே வராது. 10/22இல் பின் அவ்வளவு தூரம் போகாதபடி ஒரு குறுக்கு ஆணி தடுக்கிறது. காலியாக இழுக்கலாம் என்று ரூகரின் கையேடே சொல்கிறது. வேறு ரைஃபிளுக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், அதன் கையேட்டைப் பாருங்கள்.

சோதனை இப்படி. மேகசினைக் கழற்றுங்கள். போல்ட்டை இழுத்துச் சேம்பரைக் கண்ணாலும் பாருங்கள், விரல் நுனியாலும் தொட்டுப் பாருங்கள். தோட்டாப் பெட்டி வேறு அறையில் இருக்கட்டும். குழல் பாதுகாப்பான பக்கம் பார்த்திருக்க வேண்டும். போல்ட்டை இழுத்து விட்டு, சேஃப்டியைப் போட்டு டிரிகரை அழுத்துங்கள், ஹேமர் விழக்கூடாது. விரலை எடுத்துவிட்டு சேஃப்டியைத் திறங்கள், அப்போதும் தானாக விழக்கூடாது. இப்போது டிரிகரை இழுங்கள், விழ வேண்டும். இழுத்த விரலை எடுக்காமலே மறுகையால் போல்ட்டை ஒருமுறை இழுத்து விடுங்கள். ஹேமர் பின்னாலேயே நிற்க வேண்டும். விரலை மெல்லத் தளர்த்தினால் ஒரு சின்ன க்ளிக் கேட்கும். மறுபடி இழுத்தால்தான் விழ வேண்டும். கட்டையின் அடியை ரப்பர் விரிப்பில் தட்டியும் பாருங்கள், எதுவும் விழக்கூடாது. இதில் ஒன்று பிசகினாலும் ரேஞ்சுக்கு எடுத்துப் போக வேண்டாம், ஆயுதம் பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள்.

ரேஞ்சில் முதல் தடவை மேகசினில் இரண்டே தோட்டா. இரண்டும் தனித்தனியாக வெடிக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் மூன்று, ஐந்து என்று ஏற்றுங்கள்.

தூரப்பார்வை:

ஸ்கோப் வாங்குகிறவர்கள் பெருக்கத்தை மட்டும் பார்க்கிறார்கள். ரிம்ஃபயருக்குப் பார்க்க வேண்டியது பேரலாக்ஸ்.

ஸ்கோப்புக்குள் குறுக்குக் கோடும் இலக்கின் பிம்பமும் ஒரே தளத்தில் விழுவது ஒரு குறிப்பிட்ட தூரத்தில் மட்டும்தான். பெரிய காலிபருக்கான ஸ்கோப்பில் அது 100 கஜமோ அதற்கு மேலோ இருக்கும். ரிம்ஃபயருக்கென்று செய்வதில் பெரும்பாலும் 50 கஜம். 100 கஜ ஸ்கோப்பை 25 மீட்டரில் வைத்துப் பாருங்கள். ரைஃபிளைத் தாங்கியில் அசையாமல் வைத்துவிட்டு, தலையை மட்டும் மேலும் கீழும் அசைத்தால் குறுக்குக் கோடு இலக்கின் மேல் நகர்வது தெரியும். ஒவ்வொரு தடவையும் கன்னம் வேறு இடத்தில் பட்டால் அந்த நகர்வு அப்படியே க்ரூப்பில் சேரும். ஆகவே 50 கஜத்துக்கு அமைத்த 2-7 அல்லது 3-9 மடங்கு பெருக்கம் உள்ள ஸ்கோப் போதும். தூரத்தைத் திருப்பி அமைக்கும் வசதி இருந்தால் இன்னும் நல்லது.

புதுக்குறி, உங்கள் கார்பைன் கட்டை தாழ்வானது. திறந்த குறிமுள்ளுக்காகச் செய்தது. ஸ்கோப் வைத்தால் கண் உயரும், கன்னத்துக்குக் கட்டை எட்டாது, தாடைதான் படும். இதற்காக உடனே புதுக் கட்டைக்குப் போக வேண்டாம். கெட்டியான ஃபோமை மடித்துக் கட்டையின் மேல்விளிம்பில் வைத்து டேப் சுற்றுங்கள். கண்ணை மூடி, கன்னத்தை வைத்து, கண்ணைத் திறந்தால் முழு வட்டமும் தெரிய வேண்டும். தெரியும்வரை ஃபோமைக் கூட்டுங்கள், குறையுங்கள். எவ்வளவு உயரம் வேண்டும் என்று அளந்து தெரிந்துகொண்டபிறகு, தேவைப்பட்டால் மேக்புல் எக்ஸ்-22 மாதிரி நீளமும் உயரமும் மாற்றக்கூடிய கட்டை வாங்கலாம்.

50 மீட்டரில் ஜீரோ செய்தால் (குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி அமைத்தால்) 25இல் பெரிய வித்தியாசம் தெரியாது. 100க்குப் போனால் ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி ஏறக்குறைய ஒரு சாண் கீழே விழும்.

வார்க்கட்டு:

இத்தனை பேர் பேசியும் ஸ்லிங் (துப்பாக்கி வார்) பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. பட்டியலில் உள்ள எல்லாவற்றையும்விட விலை குறைந்தது, கையில் தாங்கிச் சுடும்போது எல்லாவற்றையும்விட அதிகம் தருவது அதுதான்.

தோளில் மாட்டித் தொங்கவிடும் வாராக அதை நினைக்க வேண்டாம். வளையமாக்கி, மேல்கையில் முழங்கைக்கு நன்றாக மேலே இறுக்குங்கள். மறுமுனை கட்டையின் முன்வளையத்தில். முன்கையை வாருக்குள் ஒரு சுற்று சுற்றிக் கட்டையைப் பிடித்தால், ரைஃபிளின் பாரம் வாரில் தொங்கும். இடக்கைத் தசை ஓய்வாக இருக்கும். படுத்த நிலையில் இடது முழங்கை ரைஃபிளுக்கு நேர் கீழே வரட்டும். குறி வைத்துக் கண்ணை மூடி, ஒரு மூச்சு விட்டு, கண்ணைத் திறங்கள். குறுக்குக் கோடு இலக்கை விட்டு நகர்ந்திருந்தால் கையால் இழுத்துக் கொண்டுவராதீர்கள். இடது முழங்கையை அச்சாக வைத்து உடம்பையே திருப்புங்கள். கண்ணைத் திறக்கும்போது தானாகவே இலக்கில் நிற்கும்வரை இதைச் செய்ய வேண்டும். இது கைவந்தபின் டிரிகர் கனம்கூட அவ்வளவு உறுத்தாது.

அமெரிக்காவில் 2006இல் தொடங்கிய ஆப்பிள்சீட் பயிற்சியில் 10/22தான் பரவலாகக் காணப்படும் ரைஃபிள். அங்கே பரிந்துரைக்கும் மாற்றங்களைப் பாருங்கள்: துளைக் குறிமுள், வளைய ஸ்லிங், நீண்ட மேகசின் கொக்கி, இழுத்துவிட்டால் தானே விடுபடும் போல்ட் ரிலீஸ். குழல் அந்தப் பட்டியலில் இல்லை. அவர்கள் கேட்கும் அளவு 4 எம்ஓஏ (ஒரு எம்ஓஏ என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு). 25 மீட்டரில் அது 29 மில்லிமீட்டர். கம்பெனிக் குழல் நல்ல தோட்டாவோடு இதை எளிதாகச் செய்யும்.

ஒரு எச்சரிக்கை. முன்வளையத்தை மரக்கட்டையில் பொருத்துங்கள். கார்பைனின் குழலைச் சுற்றியிருக்கும் பட்டையில் மாட்டினால் வார் குழலையே இழுக்கும், குறி இடம் மாறும்.

புதுக்குறி:

அக்கா, துளைக் குறிமுள் என்றால் ஸ்கோப் வேண்டாமா?

வார்க்கட்டு:

கண் நன்றாக இருந்தால் வேண்டாம். பின் குறிமுள் திறந்த வெட்டாக இருக்கும்போது கண் மூன்று பொருளைப் பார்க்கிறது: பின் வெட்டு, முன் முள், இலக்கு. துளை வழியாகப் பார்த்தால் துளையை மறந்துவிடலாம், கண் தானாக நடுவுக்குப் போகும். முன் முள்ளை மட்டும் தெளிவாக வைத்தால் போதும். பின்துளை ரிசீவரின் கடைசியில் இருப்பதால் இரண்டுக்கும் இடைவெளியும் கூடுகிறது. கட்டையின் உயரமும் மாற்ற வேண்டியதில்லை. டெக்-சைட்ஸ் என்று 10/22க்கே வருகிறது.

நாற்பதைத் தாண்டி முன் முள் மங்கலாகத் தெரிகிறவர்களுக்கு ஸ்கோப்தான் சரி. அதில் எனக்கு மறுப்பே இல்லை.

தூரப்பார்வை:

இதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் தோட்டா சோதிக்கும் அன்றைக்கு மட்டுமாவது ஸ்கோப் மாட்டுங்கள். யாரிடமாவது கடன் வாங்கினாலும் சரி. கண்ணின் பிழை கலந்தால் இரண்டு தோட்டாவுக்கு நடுவே உள்ள வித்தியாசம் தெரியாது.

நீலக்குழாய்:

நான் மார்லின் 60 வைத்திருக்கிறேன். 1960இலிருந்து பல பத்தாண்டுகள் வந்த ரைஃபிள், குழலுக்குக் கீழே குழாய் மேகசின். இந்தப் பேச்சைப் படிக்கும் மார்லின்காரர்களுக்கு ஒரு விஷயம்: உங்கள் முதல் அப்கிரேட் டிரிகரும் இல்லை, ஸ்கோப்பும் இல்லை. ஆக்‌ஷனின் பின்பக்கம் போல்ட் வந்து இடிக்கும் பிளாஸ்டிக் பஃபரைக் கழற்றிப் பாருங்கள். வயதானால் அது மஞ்சளாகி, விரிசல் விட்டு, துண்டு துண்டாக உடையும். உடைந்த துண்டு ஆக்‌ஷனுக்குள் விழுந்து ஜாம் செய்யும். சின்னப் பாகம்தான், புதிது போட்டுவிடுங்கள்.

10/22இல் நிலைமை தலைகீழ். அங்கே போல்ட் இடிப்பது எஃகு ஆணியில். உடையாது, ஆனால் ஒவ்வொரு வெடிப்புக்கும் உலோகச் சத்தம் அடிக்கும். அதற்குப் பதிலாகப் பாலிமர் ஆணி போடலாம். சத்தம் அடங்கும், ஸ்கோப் மேல் அதிர்ச்சியும் குறையும். துல்லியம் கூடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

புதுக்குறி:

நன்றி. 25 தோட்டா மேகசின் பற்றி யாரும் சொல்லவில்லையே. போன வாரம் சில ஜாமும் வந்தது. காலித் தோட்டா வெளியேறாமல் போல்ட்டுக்கு நடுவே நட்டுக்கொண்டு நின்றது. எக்ஸ்ட்ராக்டர் (காலித் தோட்டாவை இழுக்கும் கொக்கி) மாற்ற வேண்டுமா?

நிதானம்:

காகித இலக்குக்கு 25 தோட்டா மேகசின் எதற்கு? படுத்துச் சுட்டால் அது தரையில் இடிக்கும். 10/22இன் பத்துத் தோட்டாச் சுழல் மேகசின் கட்டைக்கு வெளியே நீட்டாமல் அடங்கி உட்காருவதே அதன் பெரிய வசதி. அதே மேகசினில் இன்னும் இரண்டு மூன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

கொள்ளளவு சட்டம் சார்ந்த விஷயமும்கூட. நியூசிலாந்தில் 2019இல் செமி ஆட்டோக்களைத் தடை செய்தபோது பத்துத் தோட்டாவுக்கு மேல் போகாத ரிம்ஃபயரை விலக்கி வைத்தார்கள். மேகசின் பெரிதானால் அந்த விலக்கும் போயிற்று. கட்டை, குழல் நீளம், நுனியில் மாட்டும் சாதனங்கள் எல்லாவற்றுக்கும் இடத்துக்கு இடம் விதி வேறு. வாங்கும் முன் உங்கள் உரிமத்தின் நிபந்தனைகளை வரி வரியாகப் படித்துவிடுங்கள்.

ஜாமுக்கு வருவோம். எக்ஸ்ட்ராக்டர் வாங்கும் முன் மூன்று விஷயம் பாருங்கள். மேகசின்களின் அடியில் 1, 2, 3 என்று எழுதுங்கள். ஜாம் எப்போதும் ஒரே எண்ணில் வந்தால் குற்றம் மேகசினில். அதைப் பிரித்துத் துடைக்கலாம், ஆனால் பிரித்தால் உள் ஸ்பிரிங்கின் முறுக்கு அவிழ்ந்துவிடும், கையேட்டில் சொன்ன அளவு திரும்ப முறுக்க வேண்டும். எல்லா மேகசினிலும் வந்தால் தோட்டாவை மாற்றிப் பாருங்கள். அதிலும் வந்தால் சேம்பரைச் சுத்தம் செய்யுங்கள். சேம்பர் முடியும் இடத்தில் கரியும் மெழுகும் சேர்ந்து வளையம் போலக் கெட்டியாகிவிடும், காலித் தோட்டா அதில் ஒட்டிக்கொண்டு மெதுவாக வெளியேறும். இத்தனைக்கும் பிறகு நின்றால்தான் எக்ஸ்ட்ராக்டர். கூர்மையான கொக்கியுள்ள மாற்று எக்ஸ்ட்ராக்டர்கள் நன்றாகவே வேலை செய்கின்றன.

சுத்தம் செய்வதில் ஒன்று. பழைய 10/22 ரிசீவர்களின் பின்பக்கம் மூடியிருக்கும், கம்பியைப் பின்னாலிருந்து விட முடியாது. பலர் நுனி வழியே எஃகுக் கம்பியை விட்டு உரசுகிறார்கள். குண்டு குழலை விட்டு வெளியேறும் அந்த விளிம்பு தேய்ந்தால் எந்த அப்கிரேடும் காப்பாற்றாது. இழுக்கும் கயிறு வாங்குங்கள். சேம்பர் பக்கம் நுழைத்து நுனி வழியே இழுங்கள். குழலை அடிக்கடி துடைக்கவும் வேண்டாம். ஆக்‌ஷனையும் சேம்பரையும் துடைத்தால் போதும்.

மெல்லவிரல்:

ஜாம் பேச்சு வந்ததால் இதையும் சேர்க்கிறேன், செமி ஆட்டோவுக்குப் புதியவர்கள் எல்லோருக்கும்.

டிரிகரை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் குழலை இலக்குப் பக்கமே வைத்து அரை நிமிடம் காத்திருங்கள். சில சமயம் தாமதமாகப் பற்றும். வெடித்த சத்தம் வழக்கத்தைவிடச் சப்பென்று இருந்து, போல்ட்டும் முழுதாக ஓடவில்லை என்றால், குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். ஜாம்தான் என்று நினைத்துப் போல்ட்டை இழுத்துவிட்டு அடுத்ததைச் சுடுவது மிக ஆபத்து. முன்னால் அடைத்து நிற்கும் குண்டின் மேல் இன்னொரு குண்டு போய் மோதும். மேகசினைக் கழற்றி, சேம்பரைக் காலி செய்து, குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே அடுத்த தோட்டா.

10/22இல் கடைசித் தோட்டா முடிந்ததும் போல்ட் திறந்து நிற்காது, மூடிக்கொள்ளும். ஆகவே பார்வைக்கு நிறைந்த ரைஃபிளும் காலி ரைஃபிளும் ஒன்றுதான். கீழே வைக்கும்போதெல்லாம் போல்ட்டைத் திறந்து பூட்டி, சேம்பர் காலி என்று காட்டும் கொடியைச் செருகுங்கள். சின்னத் தோட்டா என்ற எண்ணமும் வேண்டாம். .22 எல்ஆர் குண்டு இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் போகக்கூடியது. காதுக்கும் கண்ணுக்கும் காப்பு எப்போதும் இருக்கட்டும்.

புதுக்குறி:

எல்லோருக்கும் நன்றி. சொன்னபடி செய்து பார்த்தேன். நண்பரிடம் 50 கஜத்துக்கு அமைத்த ஸ்கோப் இரவல் வாங்கி, ஃபோம் கட்டி, நான்கு வகைத் தோட்டாவைச் சுட்டேன். மேகசினுக்கு எண் போட்டதில் ஜாம் எல்லாமே 2ஆம் எண் மேகசினில் என்று தெரிந்தது. துடைத்து முறுக்கியபின் வரவில்லை.

ஸ்கோப்போடு, நான் இதுவரை சுட்டுக்கொண்டிருந்த ஹை வெலாசிட்டியின் சராசரி 50 மீட்டரில் 55 மில்லிமீட்டர். ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி ஒன்றில் 31. குழலையும் தொடவில்லை, டிரிகரையும் தொடவில்லை. மற்ற இரண்டும் நடுவில் நின்றன.

ஸ்லிங்கும் பிஎக்ஸ் டிரிகரும் வாங்க முடிவு செய்துவிட்டேன். குழல் இப்போதைக்கு வேண்டாம். குழலைச் சுற்றியுள்ள பட்டையைத் தளர்த்தினால் க்ரூப் இன்னும் சுருங்கும் என்கிறார்களே, செய்யலாமா?

குழலன்:

31 என்றால் கம்பெனிக் குழலுக்கு நல்ல அளவு. இந்தக் குழலை வைத்துக்கொள்ளுங்கள், நானே சொல்கிறேன். டிரிகரும் வந்து, சராசரி ஒரே இடத்தில் நின்று, அதற்குக் கீழே போகவே இல்லை என்று ஆகும்போது குழலைப் பற்றிப் பேசலாம்.

பட்டையைத் தாராளமாகச் சோதிக்கலாம். சில ரைஃபிளில் வித்தியாசம் தெரியும், சிலவற்றில் ஒன்றுமே தெரியாது. ஆனால் டிரிகர் மாற்றுகிற அதே நாளில் செய்யாதீர்கள். பட்டையைத் தொட்டால் குண்டு விழும் இடம் நகரும், மறுபடி ஜீரோ செய்ய வேண்டும். கட்டையைப் பிடிக்கும் பெரிய திருகு ஒன்றே ஒன்றுதான், அது போய் மரை ஏறுவது அலுமினிய ரிசீவரில். பலம் கொண்டமட்டும் முறுக்க வேண்டாம். ஒவ்வொரு தடவையும் ஒரே இறுக்கத்துக்குக் கொண்டுவாருங்கள், திருகின் தலையிலும் பக்கத்திலும் ஒரு கோடு போட்டுவைத்தால் தெரியும்.

நிதானம்:

31 கொடுத்த பெட்டியின் மேல் லாட் எண் (ஒரே தடவையில் செய்த தொகுதியின் எண்) அச்சிட்டிருக்கும், பார்த்துவையுங்கள் தம்பி. அதே பெயர், அதே கம்பெனி, வேறு லாட் என்றால் அளவு மாறலாம். அந்த லாட் கிடைக்கும்போதே, உரிமம் அனுமதிக்கிற அளவுக்கு வாங்கி, ஈரம் படாத இடத்தில் பூட்டி வையுங்கள். டிரிகரைச் சோதிக்கும்போது அதே லாட்டைத்தான் சுட வேண்டும்.

புதுக்குறி:

எண் குறித்துக்கொண்டேன் ஐயா. டிரிகர் வந்ததும் மெல்லவிரல் அண்ணா சொன்ன சோதனையை முடித்துவிட்டு, அதே லாட்டில் ஐந்து க்ரூப் சுட்டு, இரண்டு சராசரியையும் இங்கேயே போடுகிறேன்.